இணைக்கும் முன் ஒப்பிடுவோம்

பணித்தியக் கூட்டம் முடிந்ததும் பயிற்சிச் சிப்பத்தை மூவர் பிரித்துக்கொண்டு திருத்துவது நம் பள்ளிகளில் வழக்கம். பின்னர் 'இறுதி', 'இறுதி 2', 'உண்மையான இறுதி' எனக் கோப்புகள் பெருகும். கடைசியாக வந்த கோப்பே அச்சுக்குப் போகும். மற்றவரின் உழைப்பு என்னவாயிற்று என்று கேட்பார் இலர். பிழையோடு அச்சானது பெற்றோரின் கையில்தான் அகப்படுகிறது.

இதனால்தான் 'கிட்' மென்பொருளை நாமும் கற்க வேண்டும் என்கிறேன். 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் நிரலர்களுக்காக உருவாக்கியது அது. ஒவ்வொருவரும் தமக்கெனத் தனிக்கிளையில் திருத்தலாம். 'கிட் பிராஞ்ச்' என்றால் கிளைகளின் பட்டியல் வரும். நாம் நிற்கும் கிளைக்கு முன் உடுக்குறி இருக்கும். ஆனால், கிளை பிரிக்க மட்டும் கற்று, ஒப்பிடக் கற்காவிடில் பழைய நோய் புதிய பெயரில் தொடரும்.

ஓர் ஆசிரியை திங்களன்று கிளை பிரிக்கிறார். புதனன்று முதன்மைக் கிளையில் வேறொருவர் ஐந்து வினாக்களைச் சேர்க்கிறார். 'கிட் டிஃப்' கட்டளையில் முதன்மைக் கிளையின் பெயரை முதலிலும் ஆசிரியையின் கிளையை அடுத்தும் எழுதி, இடையில் இரண்டு புள்ளிகள் இட்டால், அவ்வைந்து வினாக்களும் கழித்தல் குறியோடு தோன்றும். அவர்தாம் நீக்கினார் என்று யாரும் எண்ணுவர். அவரோ அவ்வினாக்களைக் கண்டதே இல்லை! மூன்று புள்ளிகள் இட்டால், பிரிந்த இடத்திலிருந்து அவர் செய்த மாற்றங்கள் மட்டுமே தெரியும். ஒரு புள்ளி குறைந்ததற்காக ஒருவர் மீது பழி விழலாமா?

தமிழுக்கெனத் தனிச்சிக்கல்களும் உள்ளன. கிட் வரிவரியாக ஒப்பிடுவது. நாம் ஒரு பத்தியை ஒரே வரியாகத் தட்டெழுதுவதால், ஓர் ஒற்றைச் சேர்த்தாலும் பத்தி முழுவதும் மாறியதாகக் காட்டும். 'வேர்ட் டிஃப்' எனும் விருப்பைச் சேர்த்தால் மாறிய சொல் மட்டும் புலப்படும். இன்னொன்று: 'கொ' எனும் எழுத்தை ஒருங்குறியில் இருவகையாகச் சேமிக்கலாம், ஒகர உயிர்க்குறியை ஒரே குறியாகவோ, ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டாகவோ. கண்ணுக்கு வேறுபாடே தெரியாத சொல்லை, கிட் மாறியதாகக் காட்டும். இதைக் கண்டு மருள வேண்டா.

ஒப்பிடும் வேலையைக் கணினி தெரிந்த இளையவரிடம் தள்ளிவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. மாற்றம் எங்கே என்று கருவி காட்டும். வல்லினம் அங்கு மிகுமா என்பதை மொழியாசிரியர்தாம் சொல்ல வேண்டும். இருவரும் ஒரே திரையின் முன் அமரட்டும். 'வேர்டு' கோப்பாக வைத்திருந்தால் கிட் இவ்வேறுபாடுகளைத் தானாகக் காட்டாது. ஆகவே பாடப்பகுதிகளை முதலில் வெறும் உரைக்கோப்பாகச் சேமியுங்கள்.