கணக்கெடுப்பில் விடுபடும் தாய்மொழி

பெரம்பலூர் மாவட்டத்தின் எறையூரிலும் காரை மலையப்ப நகரிலும் நரிக்குறவர் குடும்பங்கள் குடியமர்ந்து பல்லாண்டுகள் ஆகின்றன. பெரம்பலூர், அரியலூர் பேருந்து நிலையங்களில் பாசிமணியும் ஊசியும் விற்கும் அவர்களைப் பார்க்காதவர் இல்லை. ஆனால், அவர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் மொழியின் பெயரைக் கேட்டால் பெரும்பாலோர் விழிப்பர்.

அம்மொழி வாக்ரிபோலி. குஜராத்தி, ராஜஸ்தானி மொழிகளுக்கு நெருங்கிய உறவுடைய இந்தோ-ஆரிய மொழி. தனக்கென எழுத்து இல்லாதது. குறிஞ்சி நிலத்துக் குறவரோடு இவர்களைச் சேர்த்துப் பேசும் நம் வழக்கம் எவ்வளவு பிழையானது என்பதற்கு இம்மொழியே சான்று. குஜராத், மேவார் ஆகிய நிலங்களை நினைவூட்டும் பெயர்கள் இன்றும் இவர்களின் குலப் பெயர்களில் உள்ளன. எருமையைப் பலியிடுவோர், ஆட்டைப் பலியிடுவோர் என்ற பிரிவும் உண்டு. பலியின் குருதி தோய்ந்த ஆடைகளையும் தெய்வ உருக்களையும் வைத்துக் கட்டிய சாமி மூட்டை, தந்தையிடமிருந்து மகனுக்குக் கைமாறி வருகிறது. கோயில் கட்டி ஓரிடத்தில் நிற்க முடியாத மக்கள் தம் கோயிலைச் சுமந்தே வந்திருக்கிறார்கள்.

நரிக்குறவர், குருவிக்காரர் ஆகியோரைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதா 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2023 தொடக்கத்தில் சட்டமானது. 1965-இல் லோகூர் குழு பரிந்துரைத்ததை நிறைவேற்ற ஏறத்தாழ 58 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. அதுவரை அவர்கள் மிகவும் பிற்படுத்தப்பட்டோருடன் போட்டியிட வேண்டியிருந்தது. இன்று சான்றிதழ் கையில் இருக்கிறது. அதன் பயனைக் குறைத்து மதிப்பிடலாகாது. ஆயினும், பழங்குடி என்று ஏற்றுக்கொண்ட அரசு, அப்பழங்குடியை அடையாளம் காட்டும் மொழிக்கு என்ன செய்தது?

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் வேட்டை அவர்களுக்குக் குற்றமாயிற்று. காட்டுயிரைக் காக்க அச்சட்டம் தேவையே. எனினும் வேட்டை நின்றால் கண்ணி, வலை, பறவை குறித்த சொற்களும் நாளடைவில் வழக்கொழியும். பள்ளிக்குச் செல்லும் பிள்ளை அங்கே கேட்பது தமிழ் மட்டுமே.

1970-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் ஜி.சீனிவாச வர்மாவின் வாக்ரிபோலி ஆய்வை நூலாக வெளியிட்டது. 2024-25 தமிழக நிதிநிலை அறிக்கை தோடர், கோத்தர், சோளகர், காணி, நரிக்குறவர் ஆகியோரின் மொழி வளங்களை ஆவணப்படுத்த 2 கோடி ரூபாய் அறிவித்தது. நல்ல தொடக்கந்தான். ஆனால் ஆவணக் காப்பகத்தில் ஒலிப்பதிவாக இருக்கும் மொழி வேறு, வகுப்பறையில் பேசப்படும் மொழி வேறு.

இவ்வேறுபாட்டை அறிய அதிகேயரைப் பார்க்கலாம். சர்க்காசியர் என உலகம் அழைக்கும் அவர்களுள் பெரும்பாலோரை 1864-இல் முடிந்த போருக்குப் பின் ரஷ்யப் பேரரசு காகசஸிலிருந்து ஒட்டோமான் நாட்டுக்குத் துரத்தியது. இஸ்ரேலின் கலிலேயாப் பகுதியில் கஃபர் காமா, ரிஹானியா என்னும் இரண்டே ஊர்களில் சில ஆயிரம் பேர் வாழ்கின்றனர். அங்கும் பள்ளியில் அதிகே மொழி கற்பிக்கப்படுகிறது. எண்ணிக்கை சிறிது என்பது அங்கே சாக்காகவில்லை.

நம்மிடம் எண்ணிக்கையே சாக்கு. 2011 கணக்கெடுப்பு 10,000 பேருக்கு மேல் பேசும் 121 மொழிகளையே தனித்து வெளியிட்டது. அடுத்த கணக்கெடுப்பின் மக்கள்தொகைக் கட்டம் 2027 தொடக்கத்தில் வருகிறது. கணக்கெடுப்பாளர், தமிழில் பதில் சொல்லும் நரிக்குறவரின் தாய்மொழியையும் 'தமிழ்' என்றே குறித்துவிடக்கூடும். குறித்துக்கொள்பவருக்கு அது எளிது. வாக்ரிபோலி என்ற பெயரையே கேட்டிராத ஒருவர் வேறு என்ன எழுதுவார்? எறையூருக்கும் மலையப்ப நகருக்கும் அனுப்பப்படுவோருக்கு மாவட்ட நிர்வாகம் அப்பெயரை முன்கூட்டியே சொல்லி அனுப்ப ஒரு பயிற்சி வகுப்பு போதும். நரிக்குறவர் நல வாரியமும், தாய்மொழியைக் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று அக்குடியிருப்புகளில் இப்போதே எடுத்துரைக்கலாம்.