இலவு பூக்கும் மாதம்

"குழந்தைக்கு மூன்று வயதுதானே, மலையும் காடும் இப்போது எதற்கு, வளரட்டும்" என்று இலக்கிய நண்பர்களே அறிவுரை சொல்லும்போது நமக்கு எரிச்சலே மிஞ்சுகிறது. வளர்ந்தபின் எப்போது? மாசியும் பங்குனியும் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தேர்வுக் காலம். விடுமுறை வாய்க்கும் மே மாதத்தில் உதகை மலர்க்காட்சிக்குச் சென்று, தொட்டிப் பூக்களைக் கூட்டத்தினூடே எட்டிப் பார்த்துத் திரும்புகிறோம்.

பனி உருகிப் புல் துளிர்க்கும் பாடநூல் வசந்தம் நம் மலையடிவாரங்களில் இல்லை. இங்கே முள்ளிலவு இலையெல்லாம் உதிர்த்து, வெறுங்கிளையில் செக்கச்செவேலென்று பூத்து நிற்கும். தேனுக்காக மைனாவும் கரிச்சானும் காகமும் பூசலிடும். தடித்த இதழ்களோடு பூ தொப்பென்று விழும். அதைப் பொறுக்கக் குழந்தைக்கு உயரமும் வேண்டாம், படிப்பும் வேண்டாம். அருகிலேயே புங்கு பழைய இலையைக் கொட்டிய கையோடு தளிர்த்திருக்கும்.

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்கினார் என்று மேடைதோறும் முழங்குகிறோம். அவற்றுள் பத்தையாவது நேரில் காட்ட நம்மில் எத்தனை பேரால் முடியும்? 'இலவு காத்த கிளி' என்று எழுதாத கட்டுரையாளர் இல்லை (இலவைக் கண்டாரா என்று கேட்டால் கோபம் வருகிறது).

2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் மலையேற்றம் சென்றோர் மாண்டதைச் சுட்டுவோர் உண்டு. அந்த அச்சம் நியாயமானது. ஆகவேதான் காய்ந்த புல்மேட்டு உச்சிகளை நாம் கேட்கவில்லை. அடிவாரத்து ஊர்ப்பாதையைக் கேட்கிறோம். மூன்று வயதுக் கால்கள் ஒரு மணி நேரத்தில் அரைக் கிலோமீட்டர் சென்றாலே அதிகம்; மீதிப் பொழுது எறும்புப் புற்றுக்கே போய்விடும். விடியலில் புறப்பட்டால் வெயில் ஏறுமுன் வீடு திரும்பிவிடலாம்.