ஸ்க்ரம் மாஸ்டர் தேர்வு: அனுபவசாலிகளே ஃபெயில் ஆவது ஏன்? பணம் கட்டும் முன் தெரிஞ்சுக்கோங்க!

ஐடி ஊழியர்களின் லிங்க்ட்இன் பக்கத்தைத் திறந்தால், பெயருக்குப் பின்னால் சிஎஸ்எம், பிஎஸ்எம் என்று பட்டம் போல எழுத்துகள் நிற்கும். இரண்டுமே ஸ்க்ரம் மாஸ்டர் சான்றிதழ்கள்தான். அதிகபட்சம் ஒரு மாதம் நீளும் 'ஸ்பிரிண்ட்'களாக வேலையைப் பிரித்து முடிக்கும் முறைக்குப் பெயர் ஸ்க்ரம். அது டீமில் ஒழுங்காக நடக்க உதவுபவர், தடைகளை விலக்குபவர் ஸ்க்ரம் மாஸ்டர். அவர் மேனேஜர் கிடையாது.

ஒரே வேலைக்கு எதுக்கு இரண்டு சான்றிதழ்?

ஜெஃப் சதர்லேண்டுடன் சேர்ந்து ஸ்க்ரமை உருவாக்கிய கென் ஷ்வேபர், 2009-ல் ஸ்க்ரம் அலையன்ஸ் அமைப்பை விட்டு வெளியேறி ஸ்க்ரம்.ஆர்க் தொடங்கினார். சிஎஸ்எம் முதல் அமைப்பு தருவது. இதற்குப் பயிற்சி வகுப்பு கட்டாயம். தேர்வில் 50 கேள்விகள், 37 சரியாக இருந்தால் போதும். ஆனால் 2 வருஷத்துக்கு ஒருமுறை 100 டாலர் கட்டிப் புதுப்பிக்கணும்.

பிஎஸ்எம் முதல் நிலைத் தேர்வுக்கு வகுப்பு தேவையில்லை, வீட்டிலிருந்தே படிக்கலாம். வாங்கிய சான்றிதழ் காலாவதியும் ஆகாது. ஆனால் 60 நிமிடத்தில் 80 கேள்விகள், அதாவது ஒன்றுக்கு 45 விநாடிதான். தேர்ச்சிக்கு 85 சதவீதம் வேண்டும். 13 கேள்வி தப்பானால் ஃபெயில், திரும்ப எழுதப் புதிதாகப் பணம் கட்டணும்.

அனுபவமே காலை வாரும்

பாடப்புத்தகம் என்று பார்த்தால் 'ஸ்க்ரம் கைடு' மட்டும்தான். சுமார் 13 பக்கம், இலவசம். அப்புறம் ஏன் தடுமாற்றம்? பத்து வருஷம் வேலை பார்த்தவர் தன் ஆபீஸில் நடப்பதையே பதிலாக டிக் செய்கிறார். பல ஆபீஸ்களில் காலை மீட்டிங் என்றால் லீடிடம் ஒவ்வொருவராகக் கணக்கு ஒப்பிப்பது, முக்கால் மணி நேரம் ஓடும். கைடுபடி டெய்லி ஸ்க்ரம் 15 நிமிடம்தான், அதுவும் டெவலப்பர்களுக்காக. யாருக்கு எந்த வேலை என்பதையும் மேனேஜரோ ஸ்க்ரம் மாஸ்டரோ சொல்வதில்லை, டெவலப்பர்களே முடிவு செய்கிறார்கள். ஸ்பிரிண்டை ரத்து செய்யும் அதிகாரம் யாருக்கு? பெரிய அதிகாரி என்று தோன்றும். சரியான பதில், ப்ராடக்ட் ஓனர் மட்டுமே.

இணையத்தில் சுற்றும் 'டம்ப்' கேள்வித்தாள்கள் இன்னொரு பொறி. கைடு 2020 நவம்பரில் மாறிவிட்டது. "நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், என்ன தடை" என்ற புகழ்பெற்ற மூன்று கேள்விகளே அதில் இப்போது இல்லை. 'டெவலப்மென்ட் டீம், 3 முதல் 9 பேர்' என்று பதில் சொல்லித் தரும் டம்ப் கிடைத்தால், அது பழைய சரக்கு.

வேலை கிடைக்குமா?

இங்கேதான் நிதானம் வேணும். 2023 ஜனவரியில் அமெரிக்காவின் கேபிட்டல் ஒன் வங்கி, அஜைல் பிரிவில் மட்டும் சுமார் 1,100 பணியிடங்களை நீக்கியது. டீம்களே அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும் என்பது அதன் கணக்கு. சான்றிதழ் இன்டர்வியூ வரை கொண்டு போகலாம். அதை மட்டும் நம்பிக் கடன் வாங்கி வகுப்பில் சேர்வது சரியாகப் படவில்லை. கம்பெனி செலவை ஏற்றால் சிஎஸ்எம் போகலாம். சொந்தக் காசு என்றால் பிஎஸ்எம் போதும்.

பணம் கட்டும் முன், ஸ்க்ரம்.ஆர்க் தளத்தில் 'ஸ்க்ரம் ஓப்பன்' என்ற 30 கேள்வி மாதிரித் தேர்வு இலவசமாக இருக்கிறது. தொடர்ந்து சில முறை முழு மார்க் வந்த பிறகு கார்டை எடுங்க.