மலையகத்தில் உயிரியல் வகுப்பறைகள் எங்கே?

2017 மே மாதம் டிக்கோயாவில் இந்திய உதவியுடன் 150 படுக்கைகள் கொண்ட வைத்தியசாலை திறந்துவைக்கப்பட்டமை வரவேற்கத்தக்கதே. ஆனால், தோட்டத் தொழிலாளியின் நோயை அவரது மொழியிலேயே கேட்டறியும் வைத்தியரும் தாதியரும் எங்கிருந்து வருவர்? க.பொ.த. உயர்தர உயிரியல் வகுப்பறையிலிருந்தே வரவேண்டும்.

விஞ்ஞானப் பிரிவு உள்ளவை 1ஏபி தரப் பாடசாலைகளே. பெருந்தோட்டப் பகுதிகளில் அவை சொற்பம். எனவே பிள்ளைகள் நகருக்குச் செல்ல வேண்டும். இயலாதோர் கலைப்பிரிவில் சேர்கின்றனர்.

மருத்துவபீட அனுமதியில் 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலானது. பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலும் 5 சதவீதம் உண்டு. நுவரெலியாவும் அவற்றுள் அடங்கும். எனினும் இச்சலுகை மாவட்டத்துக்குரியதேயன்றித் தோட்டப் பிள்ளைக்கென்று ஒதுக்கப்பட்டதன்று. ஆய்வுகூடமும் இரசாயனவியல், பௌதிகவியல் ஆசிரியர்களும் இல்லாத இடத்தில் அது ஏட்டுச் சுரைக்காயே.

தோட்டங்களுக்கு அண்மையில் விஞ்ஞானப் பிரிவுகளையும் மாணவர் விடுதிகளையும் அமைக்குமாறு மலையகத் தலைமைகள் ஒருமித்துக் கோர வேண்டும் என்பதே நமது நிலைப்பாடாகும்.