கணக்கு இடித்தால் கலங்காதீர்கள்



போன வாரம், மழை சற்றே விட்ட ஒரு மாலையில், எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்துப் பெண் பேடா டப்பாவோடு வந்தாள். பி.பி.ஏ. படிப்பில் இடம் கிடைத்துவிட்டதாம். அந்த வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போகும் முதல் ஆள் அவள்தான். பேடாவைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "அங்கிள், நான் பன்னிரண்டாவதுல சயின்ஸ். டெபிட், கிரெடிட்னா என்னன்னே தெரியாது. மனப்பாடம் பண்ணியே பாஸ் பண்ணிடலாம்னு பசங்க சொல்றாங்க. நெஜமாவா?"

புனேயில் கட்கி, போபோடி, தாபோடி, ரேஞ்ச் ஹில்ஸ் என்று நம் தமிழ் மக்கள் வாழும் பல வீடுகளில் இந்த மாதம் இதே கேள்வி இருக்கும். கட்கியிலேயே டிகாராம் ஜகன்னாத் கல்லூரி இருக்கிறது. டெக்கான் பக்கம் போனால் 1943-இல் தொடங்கிய பி.எம்.சி.சி. கல்லூரி இருக்கிறது. பி.பி.ஏ.வுக்கு 2024 முதல் மாநில நுழைவுத் தேர்வும் வந்துவிட்டது. அதை எழுதி இடம் பிடித்த பிள்ளைகள் பாதிக் கிணறு தாண்டிவிட்டதாக நினைக்கிறார்கள். முதல் செமஸ்டர்தான் மீதிக் கிணறு. அதைத் தாண்ட எனக்குத் தெரிந்ததை இந்தப் பக்கத்தில் சொல்கிறேன்.

மனப்பாடத்தில் பாஸ் செய்துவிடலாம், அது உண்மை. ஆனால் கணக்குப்பதிவியல் கண்ணால் படிக்கிற பாடம் அல்ல, கையால் படிக்கிற பாடம். தீர்த்து வைத்த கணக்கைப் பார்க்கும்போது எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கும். புத்தகத்தை மூடிவிட்டு வெள்ளைத் தாளில் போட்டால்தான் எங்கே தடுக்கிறது என்று தெரியும்.

நான் முதலாண்டில் படித்தபோது ஒரு இருப்பாய்வு (டிரையல் பேலன்ஸ்) 270 ரூபாய் இடித்தது. இரவு பன்னிரண்டு மணிவரை கூட்டிக் கூட்டிப் பார்த்தேன். அழுகையே வந்துவிட்டது. ஃபேக்டரியில் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் வேலை பார்த்த பக்கத்து வீட்டு மாமா, இரவு ஷிப்ட் முடித்து வந்தவர், விளக்கு எரிவதைப் பார்த்து உள்ளே வந்தார். தாளை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "எவ்வளவு இடிக்குது?" என்றார். சொன்னேன். "ஒன்பதால வகுபடுதா பாரு. வகுபட்டா எங்கேயோ எண்ணை மாத்தி எழுதியிருக்கே." தேடினேன். 630 என்று இருக்க வேண்டிய இடத்தில் 360 என்று எழுதியிருந்தேன். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இரண்டு இடம் மாறினால் வரும் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும். வித்தியாசத்தின் சரிபாதித் தொகை ஏட்டில் எங்காவது இருந்தால், அது பற்றிலிருந்து (டெபிட்) வரவுக்கோ (கிரெடிட்) வரவிலிருந்து பற்றுக்கோ தாவியிருக்கலாம் என்பதையும் அன்றே சொல்லிக் கொடுத்தார். பிழைக்கும் ஒரு தடயம் உண்டு என்று எனக்குப் புரிந்த இரவு அது. அதற்குப் பிறகு கணக்கைக் கண்டு நான் பயந்ததில்லை.

புதிதாகச் சேர்பவர்களை ஆரம்பத்திலேயே குழப்புகிற இன்னொன்று உண்டு. வங்கியில் பணம் போட்டால் பாஸ்புக்கில் 'கிரெடிட்' என்று வருகிறது. வகுப்பிலோ, கையில் ரொக்கம் வந்தால் 'டெபிட்' என்கிறார்கள். எது சரி? இரண்டும் சரி. பாஸ்புக் என்பது வங்கி எழுதும் ஏட்டின் நகல். உங்கள் பணத்தை ஒருநாள் உங்களுக்குத் திருப்பித் தர வேண்டும் என்பதால், வங்கி அதை உங்கள் பெயரில் வரவு வைக்கிறது. உங்கள் ஏட்டிலோ வங்கி உங்களுக்குக் கடன்பட்டிருக்கிறது, அதனால் அங்கே பற்று. எந்தப் பதிவைப் பார்த்தாலும் 'இது யாருடைய புத்தகம்?' என்று முதலில் கேளுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ், தெருவில் மராத்தி, இந்தி, வகுப்பில் ஆங்கிலம் என்று வளர்கிறார்கள். ஆங்கிலம் சரளமாக வரவில்லையே என்று பலர் பின்வரிசையில் ஒடுங்கிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அதைப் பார்க்க மனசு வலிக்கும். 'லெட்ஜர்' என்று ஆசிரியர் சொல்வது தமிழில் பேரேடு, மராத்தியில் காதேவஹி. 'டிப்ரிஸியேஷன்' என்பது தேய்மானம். அப்பாவின் பழைய ஸ்கூட்டரை நினைத்துக்கொண்டால் போதும், அந்தச் சொல்லே பாடத்தைச் சொல்லிவிடும். 'குட்வில்' என்பது நற்பெயர். 'பேலன்ஸ் ஷீட்' என்பதை நம் பெரியவர்கள் ஐந்தொகை என்றார்கள். ஒரு நோட்டில் மூன்று பத்திகள் போட்டு, வகுப்பில் வரும் சொற்களை மூன்று மொழியிலும் எழுதி வாருங்கள். தேர்வை ஆங்கிலத்தில் எழுதுங்கள். முதலில் எந்த மொழியில் மனசுக்குள் இறங்குகிறதோ அந்த மொழியில் புரிந்துகொள்ளுங்கள்.

புரிந்ததைச் சோதிக்கக் கட்கியைவிட நல்ல இடம் எங்கே இருக்கிறது? கட்கி பஜாரில் ஒரு மளிகைக் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். மார்க்கெட் யார்டில் மொத்த வியாபாரியிடம் சரக்கு எடுத்தால், சொன்ன நாளில் பணம் கட்டியாக வேண்டும். இங்கே வாடிக்கைக்காரர்களோ உதாரி (கடன்) எழுதச் சொல்லிவிட்டு, சம்பளம் வந்த பிறகுதான் தருகிறார்கள். நடுவில் விழும் அந்தச் சில வாரப் பள்ளத்தை நிரப்பக் கடைக்காரர் வைத்திருக்கும் பணம்தான் நடைமுறை மூலதனம். நல்ல லாபம் ஓடும் கடைகூடச் சில சமயம் மூடப்படுவது ஏன் என்று அந்தக் கல்லாப்பெட்டி சொல்லும்.

சந்தைப்படுத்தல் பாடம் வரும்போது லக்ஷ்மண்ராவ் கிர்லோஸ்கர் சாலை வழியாக ஒருமுறை நடந்து போங்கள். 1946-இல் பிறந்த கிர்லோஸ்கர் ஆயில் என்ஜின்ஸ் அங்கேதான் இருக்கிறது. சாலைக்குப் பெயர் தந்த லக்ஷ்மண்ராவ், 1888-இல் பெல்காமில் சைக்கிள் கடையோடு தொழில் தொடங்கியவர். பிறகு இரும்புக் கலப்பை செய்தார். இரும்பு பட்டால் மண் விஷமாகிவிடும் என்று விவசாயிகள் அஞ்சினார்கள். முதல் சில கலப்பைகள் விற்கவே இரண்டு வருடம் ஆனதாகச் சொல்வார்கள். பொருள் நல்லதாக இருந்தால் மட்டும் போதாது, வாங்குபவரின் பயம் தீர வேண்டும். அந்தக் குடும்பம் 1920-இல் ஒரு மராத்தி இதழையே தொடங்கி நடத்தியது என்பது இதழாசிரியனான எனக்குக் கூடுதல் மகிழ்ச்சி.

நம் பலருடைய வீட்டுக்குச் சோறு போட்ட அம்யூனிஷன் ஃபேக்டரியும் ஒரு பாடம்தான். 1869-இல் தொடங்கிய அது, தலைமுறை தலைமுறையாக அரசின் துறையாகவே இருந்தது. 2021 அக்டோபர் 1 அன்று நாட்டின் 41 படைக்கலத் தொழிற்சாலைகள் ஏழு அரசு நிறுவனங்களாக மாறின. நம் அம்யூனிஷன் ஃபேக்டரியும் ஹெச்.இ. (ஹை எக்ஸ்ப்ளோசிவ்ஸ்) ஃபேக்டரியும் புனேயைத் தலைமையிடமாகக் கொண்ட மியூனிஷன்ஸ் இந்தியாவின் கீழ் வந்தன. துறை நிறுவனமானால் என்ன மாறும், எது மாறாது? அப்பாவிடம் கேளுங்கள். இரவுச் சாப்பாட்டு நேரத்தில் அவர் சொல்வது எந்தப் பாடநூலிலும் கிடைக்காது. புதிய பாடத்திட்டத்தில் வரும் ஃபீல்ட் புராஜெக்டுக்கும் அதுவே நல்ல விதை.

படித்தது மனசில் நிற்க ஒரு வழி சொல்கிறேன். 2006-இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு பகுதியைப் படித்தபின் சிலர் அதையே மீண்டும் படித்தார்கள். மற்றவர்கள் பக்கத்தைப் பார்க்காமல், நினைவில் இருந்ததை எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மீண்டும் படித்தவர்கள் கொஞ்சம் முன்னே இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: அவர்களுக்கு 42 விழுக்காடுதான் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56. ஆகவே, தினமும் வகுப்பு முடிந்ததும் நோட்டைத் திறக்காமல் பத்து நிமிடம், அன்று நடந்ததை எழுதிப் பாருங்கள். அதையே ஞாயிற்றுக்கிழமை ஒரு தோழிக்கோ தோழனுக்கோ சொல்லிக் கொடுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. முதல் இன்டர்னல் தேர்வில் மார்க் குறைந்தால் பிள்ளையை வையாதீர்கள். புதுப் பாடம், புது மொழி, புது வகுப்பு. "எங்கே இடிச்சது?" என்று மட்டும் கேளுங்கள். எனக்கு அன்று கிடைத்ததும் அப்படி ஒரு கேள்விதான்.

கீழ்வீட்டுப் பெண்ணுக்கு நான் ஒரு பரிசு கொடுத்தனுப்பினேன்: கோடு போட்ட ஒரு நீள நோட்டு. அதில் ஒரு மாதத்துக்கு வீட்டு வரவு செலவை அவளே எழுத வேண்டும். உங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் இன்றே ஒன்று வாங்கிக் கொடுங்கள். பால், காஸ், வாடகை, கோயில் உண்டியல் வரை எல்லாம் ஏறட்டும். மாதக் கடைசியில் கையிருப்பும் ஏடும் ஒத்துப்போகாவிட்டால் பிள்ளைகளே, கலங்க வேண்டாம். வித்தியாசத்தை முதலில் ஒன்பதால் வகுத்துப் பாருங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்