33-வது பாயின்ட்

மொட்டைமாடியில் இரண்டு மூன்று டிஷ், அங்கிருந்து எல்லா வீட்டுக்கும் ஆளுக்கொரு கேபிள். பொது டிஷ் என்றால் இவ்வளவுதான். "யூடியூப் இருக்கு, நெட்ஃபிளிக்ஸ் இருக்கு, இதெல்லாம் அப்பா காலத்துச் சமாச்சாரம் அண்ணா" என்று உங்களில் பாதிப் பேர் சொல்வீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வளைகுடாவில் வளரும் நமக்கு வாக்குரிமை கிடையாது, வார்டு கவுன்சிலர் கிடையாது, குடியிருக்கும் வீடும் சொந்தமில்லை. பக்கத்து வீட்டுக்காரர்களோடு உட்கார்ந்து பேசி ஒரு பொது முடிவு எடுக்க நமக்குக் கிடைக்கும் வாய்ப்புகள் மிகக் குறைவு. பொது டிஷ் அதில் ஒன்று. அதை விட்டுவிடாதீர்கள் என்பதுதான் என் கட்சி.

ராஸ் லஃபான் கத்தாரின் வடகிழக்குக் கரையில், தோஹாவிலிருந்து ஏறக்குறைய 80 கி.மீ. தள்ளி இருக்கும் எரிவாயு நகரம். 1996 டிசம்பரில் அங்கிருந்துதான் முதல் எல்.என்.ஜி. கப்பல் ஜப்பானுக்குக் கிளம்பியது. பேர்ல் ஜி.டி.எல். ஆலையைக் கட்டிய காலத்தில் அந்த ஒரு திட்டத்தில் மட்டும் உச்சத்தில் சுமார் 52,000 பேர் வேலை செய்தார்கள். வேலை அங்கே, குடும்பத்தோடு இருப்பவர்களில் நிறைய பேருக்கு வீடு பக்கத்து ஊரான அல் கோரில்.

எங்கள் கட்டடமும் அப்படி ஒன்றுதான். நான்கு மாடி, 32 வீடு. மலையாளிகள் 11, நாம் 7, பிலிப்பைன்ஸ்காரர்கள் 4, எகிப்து, ஜோர்டான் குடும்பங்கள் 4, இந்தி, உருது பேசுகிறவர்கள் 5, வங்காளி 1. பால்கனிக்கு பால்கனி ஒரு டிஷ், சுவர் முழுக்க ஆணித் துளை. ஒருநாள் ஓனர் ஆபீஸிலிருந்து வந்து, எல்லாவற்றையும் கழற்றுங்கள், வேண்டுமானால் மாடியில் பொதுவாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். இது எங்களுக்கு மட்டும் வந்த சட்டம் இல்லை. அபுதாபி நகராட்சி ஒரு கட்டடத்துக்கு நான்கு டிஷ்தான் என்று ஏற்கெனவே வரம்பு வைத்திருக்கிறது.

இதில் சண்டை எங்கே வருகிறது என்று புரிய, கொஞ்சம் டெக்னிக்கல் தெரிய வேண்டும். சாட்டிலைட் சுமார் 36,000 கி.மீ. உயரத்தில், பூமத்திய ரேகைக்கு நேர் மேலே நிற்கிறது. அரபுச் சேனல்கள் வரும் நைல்சாட், பத்ர், எஸ்ஹைல் எல்லாம் நமக்குத் தென்மேற்கில். இந்தியச் சேனல்கள் வரும் சாட்டிலைட்டுகள் தென்கிழக்கில். ஒரே மாடியில் ஒரு டிஷ் ஒரு பக்கம் பார்க்கும், அடுத்தது அதற்கு முதுகைக் காட்டி நிற்கும். டிஷ்ஷின் முகத்தில் இருக்கும் எல்.என்.பி., கேபிளில் தாங்காத உயர் அலைவரிசையைத் தாங்கும் அளவுக்குக் குறைத்துக் கீழே அனுப்பும்.

இதற்குப் பிறகு இரண்டு வழி உண்டு. முதல் வழி ஹெட்எண்ட். மாடியில் ஓர் அலமாரி நிறைய ரிசீவர்கள். ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு ரிசீவர், ஒரு மாடுலேட்டர். வீட்டில் பெட்டி எதுவும் வேண்டாம், டிவியில் நேராக வரும். ஆனால் 24 சேனலுக்குப் பணம் போட்டால் 24 சேனல்தான். அந்த 24 எது என்று யாரோ முடிவு செய்ய வேண்டும். இரண்டாவது வழி மல்டிஸ்விட்ச். ஒவ்வொரு சாட்டிலைட்டிலிருந்தும் நான்கு கேபிள் இறங்கும். கிடைமட்டம், செங்குத்து என்று இரண்டு, ஒவ்வொன்றிலும் மேல், கீழ் என்று இரண்டு அலைவரிசை, ஆக நான்கு. அவரவர் வீட்டு ரிசீவர் கேட்பதை ஸ்விட்ச் எடுத்துக் கொடுக்கும். யாரும் யாருக்கும் சேனல் பட்டியல் போட வேண்டியதில்லை. ஆனால் வீட்டுக்கு வீடு ரிசீவர் வாங்க வேண்டும். கேள்வியும் எந்தச் சேனல் என்பதிலிருந்து எந்த சாட்டிலைட் என்பதற்கு மாறும்.

எங்கள் கூட்டத்தில் முதலில் ஹெட்எண்ட்தான் பேசப்பட்டது. "ஓட்டுப் போடுவோம், அதிக ஓட்டு வாங்கிய 24 சேனல்" என்று ஒருவர் சொன்னார். கேட்க நியாயமாக இருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால் மலையாளமும் தமிழும் சேர்ந்து 18 வீடு. மற்றவர்களுக்கு மிச்சம் மீதிதான். அந்த வங்காளி வீட்டுக்கு ஒரு சேனல்கூட வராது, ஆனால் செலவில் 32-இல் ஒரு பங்கு அவர்களும் தர வேண்டும். பெரும்பான்மை ஓட்டு எல்லா இடத்திலும் நியாயம் ஆகிவிடாது. ஊரில் நாம் சிறுபான்மையாக இருக்கும்போது இது நமக்கு உடனே புரிகிறது. ஒரு கட்டடத்தில் நம் கை ஓங்கியிருக்கும்போதும் அதே வேகத்தில் புரிய வேண்டும். கடைசியில் மல்டிஸ்விட்ச்தான் வைத்தோம்.

சிக்னலைப் பிரிப்பதிலும் இதே பாடம் இருக்கிறது. ஒரு கேபிளை இரண்டாகப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் பாதிக்கும் குறைவான சக்திதான் மிஞ்சும். நீளம் கூடக்கூட இன்னும் குறையும். அதனால் கடைசி வீட்டில் படம் கட்டம் கட்டமாக உடையும். தெரிந்த டெக்னீஷியன் லைனில் எல்லா வீட்டுக்கும் ஒரே அளவு டேப் போட மாட்டார். பக்கத்து வீட்டுக்கு 20 டெசிபெல் குறைக்கும் டேப், கடைசி வீட்டுக்கு 8 டெசிபெல் மட்டும் குறைக்கும் டேப் என்று போடுவார். அப்போதுதான் எல்லா டிவியிலும் ஒரே தரம் வரும்.

அடுத்தது கார்டு விவகாரம். ஊரிலிருந்து ஒரு டி.டி.எச். பெட்டி கொண்டுவந்து, ஒரே கார்டை வைத்து முப்பது வீட்டுக்கு ஓட்டலாம் என்று யாராவது ஓர் அங்கிள் கட்டாயம் சொல்வார். கம்ப்யூட்டர் தெரிந்த பையன் என்று உங்களைத்தான் கூப்பிடுவார். மரியாதையாக மறுத்துவிடுங்கள். அது ஒரு வீட்டுக்கான சந்தா, அதுவும் இந்தியாவுக்குள் பார்ப்பதற்கானது. பிரச்சினை வந்தால் ரெசிடென்ஸ் பெர்மிட்டில் இருக்கும் குடும்பத்துக்குத்தான் தலைவலி. கட்டணமில்லாச் சேனல்களைப் பொது டிஷ்ஷில் எடுங்கள். கட்டணச் சேனல் வேண்டுமென்றால் இங்கே உரிமம் பெற்ற நிறுவனத்திடம் அவரவர் சந்தா கட்டட்டும்.

கூட்டத்தில் அதிக நேரம் எடுத்தது இது எதுவுமே இல்லை. நாத்தூர் அறைக்கு ஒரு பாயின்ட் கொடுப்பதா என்பதுதான். கீழ்த்தளத்தில் தண்ணீர் மோட்டாருக்குப் பக்கத்தில் அவர் அறை. நேபாளி. "அவர் போன்ல பாத்துக்குவாரு, எதுக்கு வீண் செலவு?" என்றார் ஒருவர். பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் அம்மாவோடு வந்திருந்தாள். "நேபாளிச் சேனல் எந்த சாட்டிலைட்ல வருது அங்கிள்? நாம வைக்கிற டிஷ்லயே வருமா?" என்று கேட்டாள். எதுக்கு என்ற பேச்சு அதோடு நின்று எப்படி என்ற பேச்சு தொடங்கியது. பாயின்ட் 33 ஆனது. செலவை 32-ஆல்தான் வகுத்தோம்.

போனில் பார்க்கலாமே என்பது நல்ல கேள்விதான், பதில் சொல்லியாக வேண்டும். டேட்டா ஒவ்வொரு மாதமும் காசு. சம்பளத்தில் பெரும்பகுதியை வீட்டுக்கு அனுப்புகிறவருக்கு அது சின்னத் தொகை இல்லை. சாட்டிலைட்டில் ஒருவர் பார்த்தாலும் லட்சம் பேர் பார்த்தாலும் சிக்னல் ஒன்றுதான், நெரிசல் கிடையாது. ஊரிலிருந்து மூன்று மாத விசிட்டில் வரும் பாட்டிக்கு ரிமோட்டில் ஒரு பட்டன் போதும், பாஸ்வேர்ட் வேண்டாம். அதோடு போன் ஒவ்வொருவரையும் அவரவர் மொழிக்குள் பூட்டிவிடுகிறது. ஒரே லிஃப்டில் பத்து வருடம் போய் வந்தும் எதிர்வீட்டில் என்ன மொழி பேசுகிறார்கள் என்று தெரியாத பிள்ளைகளை எனக்குத் தெரியும். எங்கள் கட்டடத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியலே இந்த டிஷ்ஷுக்காகத்தான் முதல்முறை எழுதப்பட்டது.

டிவி பார்க்கிறீர்களோ இல்லையோ, உங்கள் கட்டடத்தில் இப்படி ஒரு கூட்டம் நடந்தால் போய் உட்காருங்கள். ஓனரின் அனுமதி எழுத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். உப்புக்காற்றில் எல்.என்.பி. கனெக்டர் துருப்பிடித்தால் யார் மாற்றுவது, அதற்குப் பணம் எங்கே இருக்கும் என்று கேளுங்கள். கடைசி வீட்டில் மீட்டர் வைத்து சிக்னல் அளந்து காட்டச் சொல்லுங்கள். பிறகு, யார் பெயர் பட்டியலில் விட்டுப்போயிருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.