பழைய ரேடியல் எஞ்சினும் அதன் பெயர்த்தகடும்

இரண்டாம் உலகப் போருக்குப்பின் இந்நாட்டில் விட்டுச்செல்லப்பட்ட லிபரேட்டர் விமானங்கள் பெங்களூரில் செப்பனிடப்பட்டு, 1948 முதல் 1968 வரை இந்திய விமானப்படையில் பணியாற்றின. அவற்றிலும் டக்கோட்டாவிலும் இயங்கியது பிராட் அண்ட் விட்னியின் ஆர்-1830 எஞ்சினே. இத்தகைய எஞ்சினொன்று பட்டறை மூலையில் கிடப்பின், அதனைப் பழைய உலோகமாக எடைபோடுமுன் இன்னதென அறிதல் வேண்டும்.

சிலிண்டர்களை எண்ணுதல் முதற்படி. வரிசைக்கு ஏழாக இரு வரிசையில் பதினான்கு இருக்கும். ஒரு வரிசையில் ஒற்றைப்படையாக அமைவது, நான்கு வீச்சு முறையில் ஒன்றுவிட்டு ஒன்றாகத் தீமூட்டுவதற்கே. ஆனால் ரைட் ஆர்-2600 எஞ்சினுக்கும் பதினான்கே. எனவே பெயர்த்தகடே முடிவான சான்று. 'ஆர்' ரேடியல் அமைப்பையும், 1830 சிலிண்டர்களின் மொத்தக் கொள்ளளவைக் கன அங்குலத்திலும் குறிக்கும். அடுத்துவரும் எண் உள்வகையைக் காட்டும்: டக்கோட்டாவின் இராணுவ வடிவத்தில் 92, லிபரேட்டரின் 'ஜே' வகையில் 65. அத்தகட்டை நினைவுப்பொருளாகக் கழற்றிச் செல்வோர் எஞ்சினின் வரலாற்றையே அழிக்கின்றனர்.

இயக்கப் பதிவேடற்ற எஞ்சினை மீண்டும் பறக்கவிட விழைதல் ஏற்கத்தக்கதன்று. வளைதண்டின் களைப்பு கண்ணுக்குப் புலப்படாது. வகுப்பறையே அதற்குத் தக்க இடம். வரிசைதோறும் ஒரு தலைமைத் தண்டுடன் ஆறு துணைத்தண்டுகள் இணைந்து அசையும் விந்தையை எப்படமும் இவ்வளவு தெளிவாக உணர்த்தாது.

கையால் சுழற்றுமுன் கீழ்ச் சிலிண்டர்களின் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, தேங்கிய எண்ணெயை வடித்தல் இன்றியமையாதது. எண்ணெய் அமுங்காது, வலிந்து சுழற்றினால் தண்டு வளையும்.